வத்தல் சாக்கு யானை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இன்றைக்குத் திருத்தங்கலில் எனக்கு மூன்று அச்சகம். காலண்டர் சீசனில் என் வாசலில் லாரி நிற்காத நாள் கிடையாது. எவன் தயவிலும் மேலே வந்தவனில்லை. இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் ஒரு பொம்மையைக் காட்டுவேன். சாக்கில் தைத்த யானை, ஒரு காது கிடையாது. சின்ன வயதில் ஒருநாள் விழித்தபோது என் பக்கத்தில் கிடந்தது. அன்றிலிருந்து அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன். முகத்தை வைத்தால் மிளகாய் வத்தல் நெடியில் கண் எரியும், விடமாட்டேன். அம்மா விடியுமுன் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். மடியில் வைத்துக் கொஞ்சிய ஞாபகம் எனக்கு இல்லை. எனக்கென்று அவள் செய்தது அந்த யானை ஒன்றுதான்.

போன தையில் மூன்றாவது அச்சகத்தைத் திறந்தபோது, அம்மா படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் யானையை வைத்தேன். விருதுநகரிலிருந்து வந்த அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏலே, இத இன்னுமா வச்சிருக்க? கோணி ஊசி என் விரல்ல ஏறி, இடது கையாலல்லா சோறு தின்னேன்."

"நீயா தைச்ச? அம்மால்ல தைச்சா."

"அம்மாவுக்கு வத்தல் சாக்கு எங்கன கிடைக்கும்? அவ தீக்குச்சி அடுக்கப் போனா. மூட்டை அடுக்குற கிட்டங்கியில வத்தல் காம்பு கிள்ளப் போனது நான். நீ அவளத் தேடி அழுத அழுகைக்குத்தான் கிழிஞ்ச சாக்கக் கேட்டு வாங்கியாந்தேன்."

ஒரு டப்பா மை குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவன் நான். இது எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப அம்மா எனக்குன்னு எதுவுமே செய்யலையா?"

அக்காவின் சிரிப்பு நின்றது. "சோறு பொங்கிப் போட்டாள்லா. அவளுக்கு உக்கார நேரமேது?"

அதற்குள் சாத்தூர் காகித வியாபாரி மனைவியோடு உள்ளே வந்தார். "அண்ணாச்சி, உங்க அம்மா தைச்ச யானையப் பாக்கணும்னு இவளும் கிளம்பிட்டா."

நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். "வாங்க, இங்கனதான் இருக்கு. தம்பிக்குன்னு எங்க அம்மா ஆசையாத் தைச்சது."

வியாபாரியின் மனைவி குனிந்து தையலைப் பார்த்தார். "எம்புட்டு நெருக்கமாத் தைச்சிருக்காக."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. யாராவது அதன் பக்கம் போனால், மிஷினைப் பார்க்கிற சாக்கில் நான் உள்ளே போய்விடுகிறேன்.