வலப்பக்கக் கண்ணாடி

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஓய்வூதியம் எடுத்த பிறகும் அவர் வீட்டில் உட்காரவில்லை. வேலணையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு போவார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். பஸ்ஸில் போய்வர உடம்பில் தெம்பில்லை. அப்பாவின் கார் போகாவிட்டால் அந்த மனுசியின் பாடு என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த இரண்டு நாளும் அப்பா விடியவே முகம் வழித்து, சேர்ட்டுக்கு அயன் போட்டு, பழைய உத்தியோகத்துக்குப் போகிறவர் மாதிரித்தான் வெளிக்கிடுவார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வழியில் தெரிந்தவர் எவரைக் கண்டாலும் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்துக் காட்டாமல் போகமாட்டார். பண்ணைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் இருபது பேருக்காவது கை காட்டிவிடுவார். “என்னப்பா, எலெக்சனுக்கு நிக்கப் போறியளோ?” என்று நான் பகிடி பண்ணுவேன். “காணாத மாதிரிப் போனா அவை என்ன நினைப்பினம்?” என்பார்.

போன சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு நாள் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். அன்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த களைப்பில் பேச்சே மெதுவாக வந்தது. அப்பாவை அவர் அண்ணை என்றுதான் சொல்வார்.

“தங்கச்சி, நான் சொன்னனெண்டு அண்ணையிட்டைச் சொல்லாதையும். வரேக்கை அல்லைப்பிட்டி வளைவிலை ஒரு மீன்கார ஆள் சைக்கிளிலை வலப்பக்கத்தாலை வந்தது. அண்ணை காணேல்லை. நான் கத்தினாப் பிறகுதான் பிரேக் பிடிச்சவர். அந்த ஆள் மீன்பெட்டியோடை விழுந்துபோச்சு. காயமொண்டும் இல்லை. ஆனா எனக்கு இன்னும் நெஞ்சு இடிக்குது.”

எனக்கு ஒளிக்கத் தெரியாது. அப்பா தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன். அவர் கோப்பையை மெல்ல வைத்தார்.

“கண்ணாடியெல்லாம் கீறல், பிள்ளை. வெயில் சரிஞ்சாப் போதும், வெள்ளை வெள்ளையாய்க் கோடு அடிக்குது. ஒண்டும் தெரியுதில்லை.”

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. முன்கண்ணாடி கல் பட்டு உடைந்து இரண்டு வருடத்துக்கு முன் மாற்றியது, அதில் குறையில்லை. பக்கக் கண்ணாடிகளில்தான், அதிலும் ஓட்டுநர் பக்கத்தில், சாய்ந்த வெயில் பட்டதும் மயிரிழை போன்ற கீறல்கள் நூற்றுக்கணக்கில் தெரிந்தன. எல்லாம் ஒரே வளைவு. இடமிருந்து வலமாக, மேலே எழும்பிக் கீழே இறங்கும் அரைவட்டம். ஒவ்வொரு காலையும் அப்பா பழைய சாரத்துண்டால் துடைக்கும்போது கை போகிற வழிதான் அது.

காரை வெறும் துணியால்தான் துடைப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டார். எங்கள் கிணற்றில் உவர்த் தண்ணீர். அதை ஊற்றினால் தகரம் கறள் பிடித்து இற்றுப்போகும், கண்ணாடியில் வெள்ளை படியும். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரும். கலனில் பிடித்து, மூடி வைத்து, குடிக்கவும் சமைக்கவும் பாவிப்பது. “குடிக்கிற தண்ணியிலையோ காரைக் குளிப்பாட்டுறது?” என்று அவரே கேட்பார். எங்கள் ஊரில் கார் வைத்திருக்கிற எல்லாரும் இப்படித்தான். சோளகம் கொண்டுவந்து அப்பும் உப்பையும் மணலையும் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, கார் பளபளக்கிறது என்று பெருமைப்படுவோம். அந்த மணல்தான் கண்ணாடியைக் கீறுகிறது என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

கண்ணாடிதான் குற்றவாளி என்றதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. கண்ணாடியை நாம் திருத்தலாம் அல்லவா? அடுத்த நாளே யாழ்ப்பாணத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். பழைய மாடல், இதற்குப் புதுப் பக்கக் கண்ணாடி இனி எடுக்க ஏலாது என்று கடைக்காரர் கையை விரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து மனம் இளகியிருக்கவேண்டும். உள்ளே போய் மண்நிறத்தில் ஒரு தூள் பொட்டலம் கொண்டுவந்தார்.

“நகத்தாலை தடவிப் பாருங்கோ. நகம் தடக்குப்பட்டா ஆழமான கீறல், அதைத் தொடாதேங்கோ. தடக்குப்படாட்டி இது எடுக்கும். ஆனா அவசரப்படக் கூடாது. காயவும் விடக் கூடாது. சூடேறினாக் கண்ணாடி வெடிச்சுப்போகும். நெடுகத் தண்ணி விட்டுக்கொண்டே இருக்கவேணும்.”

நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். பொறுமை எனக்குப் பிறவியில் இல்லாவிட்டாலும் விரலில் இருக்கிறது. கண்ணாடியின் உட்பக்கத்தில் தையல் சோக்கால் கீறல் உள்ள இடங்களை வட்டமிட்டேன். ஓரத்து றப்பரில் தூள் ஒட்டாமல் டேப் ஒட்டினேன். தூளைத் தோசைமாப் பதத்துக்குக் கரைத்து, இரவல் வாங்கிய டிரில் மெசினில் கம்பளி வட்டைப் பூட்டித் தேய்க்கத் தொடங்கினேன். ஓர் உள்ளங்கை அகலம் தேய்க்க அரைமணி நேரம் ஆயிற்று. இடைக்கிடை புறங்கையை வைத்துச் சூடு பார்த்தேன். துடைத்துப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லாதது போல இருக்கும். எரிச்சல் வரும். டிரில்லை எறியலாமா என்றுகூட இருக்கும். நாலாவது முறை துடைக்கும்போது, ஒரு கோடு நடுவில் அறுந்திருக்கும்.

அப்பா தண்ணீர் கொண்டுவந்து தந்தபடி இருந்தார். நல்ல தண்ணீர். காருக்கு ஒரு கோப்பை கொடுக்க மனமில்லாத மனிதர், கலனைச் சரித்துச் செம்பு செம்பாக நிரப்பிக் கொண்டுவந்தார். “இன்னும் வேணுமோ, பிள்ளை?” என்று கேட்டுக்கேட்டு நின்றார். கண்ணாடிதான் காரணமாக இருக்கவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவு ஆசையாக இருந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. இடையில் அக்காவை ஓட்டோவில்தான் அனுப்பினோம். ஒவ்வொரு முறையும் குலுங்கிக் குலுங்கி வாந்தியோடு வந்து இறங்கினார். இரண்டாம் ஞாயிறு பின்னேரம் சோக்கு அடையாளங்களைத் துடைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். மேற்கு வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்தது. ஒரு கோடும் இல்லை. எங்கள் வாசல் படலைக்கு அப்பால் அக்கா தன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பதும், அவர் கையில் வெள்ளிக்கிழமை ஊசி போட்ட இடத்தில் இன்னும் கழற்றாத வெள்ளைப் பஞ்சும்கூடத் தெரிந்தன. அப்பாவைக் கூப்பிட்டு ஏறச் சொன்னேன்.

அவர் ஏறி, கதவைச் சாத்தி, வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் வெளியே நின்றேன். சரியாக அந்த நேரம் அக்கா எழும்பி நின்று, “அண்ணை, சரி வந்துட்டுதோ?” என்று கேட்கிற பாவனையில் கையைத் தூக்கி ஆட்டினார். அவரால் சத்தம் போட ஏலாது. கையை மட்டும் ஆட்டிக்கொண்டே நின்றார்.

அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கவில்லை.

“இப்ப எப்பிடி, அப்பா?”

“வடிவாய்த் தெரியுது. ஒரு கீறல் இல்லை.”

“படலைக்கு அங்காலை?”

அவர் கண்ணைச் சுருக்கினார், தலையை முன்னுக்குக் கொண்டுபோனார், பின்னுக்கு எடுத்தார். அக்கா கையைக் கீழே போட்டுவிட்டு மெல்ல உட்கார்ந்தார். யாருக்கும் கை காட்டாமல் போனதில்லை என் அப்பா. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அவருக்கு எப்போது விளங்கியது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நெடுநாளாகவே தெரிந்திருக்கும்.

கண்ணாடியைக் கைப்பிடி சுற்றி இறக்கினார். இப்போது நடுவில் எதுவுமே இல்லை. இன்னொரு தரம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சாவியை உருவி, திறந்த யன்னல் வழியே என்னிடம் நீட்டினார்.

“நீ உன்ரை வேலையை வடிவாய்ச் செய்திருக்கிறாய், பிள்ளை. இனிக் கண்ணாடியிலை பழி போட ஏலாது.”

நான் சாவியை வாங்கவில்லை. அழுகை வந்தது, அழுதேன். அவர் கதவைத் திறந்து இறங்கி, சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். கை முழுக்க அந்த மண்நிறத் தூள்.

அப்பாவுக்குப் பல வருடமாக இருந்த சீனி வருத்தம் கண்ணுக்குள் இருந்த இரத்தக் குழாய்களைப் பழுதாக்கிவிட்டது என்று கண் டொக்டர் சொன்னார். போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார். எனக்கு இருபது வயதில் அப்பா பிடிவாதம் பிடித்து எடுக்கவைத்த லைசென்ஸ் என் அலுமாரிக்குள் கிடந்தது. அதைப் புதுப்பித்தேன். இப்போது செவ்வாயும் வெள்ளியும் தையல் மெசினை மூடிவிட்டு நான்தான் ஓட்டுகிறேன். காலையில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக் கண்ணாடியைத் துடைக்கிறேன். செம்பை நிரப்பித் தருகிறவர் அப்பாதான்.

அவரும் கூடவே வருவார். முகம் வழித்து, சேர்ட்டுக்கு அயன் போட்டு, இடப்பக்க இருக்கையில் ஏறிக்கொள்வார். அந்தப் பக்கத்துக் கண்ணாடியை நான் தேய்க்கவில்லை. சாய்ந்த வெயில் படும்போது அவர் கை போட்ட அரைவட்டங்கள் அதில் அப்படியே தெரியும்.

அல்லைப்பிட்டி வளைவில் அந்த மீன்காரர் சைக்கிளை நிறுத்திக் கை காட்டுவார். “மீன்கார அண்ணை, அப்பா” என்று நான் சொல்ல, அப்பா கையைத் தூக்குவார். மண்டைதீவுச் சந்தியில் கடைக்காரர். பாலத்தடியில் வலை காயப்போடுகிறவர்கள். ஒவ்வொருவராக நான் சொல்லச் சொல்ல அவர் கை எழும்பும். சில நாள் வழியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அப்பா மடியில் கைகளை வைத்துக்கொண்டு இருப்பார். அப்போது நான் சொல்வேன்: “அப்பா, அங்கை ஆரோ கை காட்டுகினம்.”

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்குவார். பின் இருக்கையில் அக்கா ஒன்றும் சொல்லமாட்டார்.