நான்காவது ஊர்

எழுபதுகளின் நடுவில், கனடாவில் மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் ஓர் ஆங்கில உயர்நிலைப் பள்ளியில் நான் வரலாற்று ஆசிரியர். அந்நாளில் மொன்றியலில் பள்ளிகள் இரண்டே வகை. கத்தோலிக்கப் பள்ளி, இல்லையென்றால் புராட்டஸ்டண்ட் பள்ளி. கத்தோலிக்கர் அல்லாத எல்லோரையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். யூதப் பிள்ளைகள், கிரேக்கப் பிள்ளைகள், பேருந்தில் ஏறுமுன் நெற்றி விபூதியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்ளும் நான், எல்லோரும் அங்கே புராட்டஸ்டண்ட் கணக்கில்தான் சேர்த்தி. இதை வைத்து ஆசிரியர் அறையில் நிறையச் சிரித்திருக்கிறோம்.

அதுவரை எங்கள் பாடப்புத்தகத்தில் யூத இனப்படுகொலைக்கு ஒன்றரை வரிதான் இடம். பெற்றோர்கள் சிலர் மனு எழுதி, அலைந்து, கெஞ்சி, கடைசியில் மாகாண அரசு இறங்கிவந்தது. சில பள்ளிகளில் மட்டும் சோதனையாகப் பாடம் நடத்த உதவி செய்வதாகச் சொன்னார்கள். ஒரு கையேடு, ஒரு சுவர் வரைபடம், வாடகைக்கு ஒரு படச்சுருள். அதிகாரி ஒருவர் வந்து வகுப்பைப் பார்ப்பார். முடிவில் பரீட்சை வைத்து, விடைத்தாள்களை மாகாணத் தலைநகரான கியூபெக் நகருக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் திருப்தியாக இருந்தால் அடுத்த ஆண்டு முதல் எல்லாப் பள்ளிகளுக்கும் இந்தப் பாடம் உண்டு. தலைமையாசிரியர் என்னைத்தான் கூப்பிட்டார். உங்கள் வகுப்பில்தான் யாரும் தோற்பதில்லை என்றார்.

யாரும் தோற்காததற்குக் காரணம், நான் மெட்ராஸிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த வாய்ப்பாட்டு ராகம். ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு என்று நாம் எல்லோரும் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்ன அதே இழுவை. மொகலாய அரசர்களை நான் அதில்தான் கற்றேன். கியூபெக்கை ஆண்ட பிரெஞ்சுக் கவர்னர்களை அதில்தான் கற்பித்தேன். கையேட்டில், கொல்வதற்கென்றே முகாம் கட்டிய ஆறு ஊர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. வாயில் நுழையாத போலந்துப் பெயர்கள். அவற்றையும் அந்த ராகத்தில் போட்டேன். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். மூன்றாம் நாள் நடைபாதையில், பனிக்காலணி மாட்டிக்கொள்ளும்போதும் அதையே பாடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனிதர்களை லட்சம் லட்சமாகக் கொன்ற இடங்களுக்கு ராகம் போட்ட மனிதன் எப்படிப்பட்டவன் என்று இன்று கேட்டுக்கொள்கிறேன். அன்று அப்படி ஒரு கேள்வியே எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வரிசையில் ஒரு யூதப் பெண், பதினான்கு வயது. அப்பா நகரத்தில் மேலங்கி தைக்கும் தொழிற்சாலையில் துணி வெட்டுபவர், தினமும் ரயிலில் போய் வருகிறவர். அந்தப் பெண்ணின் வாய் முதல் மூன்று பெயர்களுக்குத் திறக்கும், நான்காவதற்கு மூடிக்கொள்ளும், கடைசி இரண்டுக்கு மறுபடி திறக்கும். முப்பது பேர் சேர்ந்து கத்தினாலும் யார் விடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். எழுப்பி நிறுத்தினேன்.

"நாலாவது என்ன?"

அவள் சுவர் வரைபடத்தைப் பார்த்தாள்.

"தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சா சொல்லு. சொல்ற வரைக்கும் நில்லு."

அந்த வகுப்பு முழுக்க நின்றாள். அடுத்த நாளும் நின்றாள். பின்னால் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான், நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள். ஆறு பெயரும், வரிசை பிசகாமல், ராகத்தோடு. வகுப்பு கைதட்டியது, நானும் தட்டினேன். அழுத்தக்காரியை வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அதிகாரி வந்த அன்று முதலில் அவளைத்தான் எழுப்பினேன். அவர் பிரெஞ்சு பேசுபவர், ஆங்கிலம் அரைகுறை. ஆனால் ராகம் புரிந்துவிட்டது, ரப்பர் காலணியால் தரையில் லேசாகத் தாளம்கூடப் போட்டார். "மெர்சி, மெர்சி" என்று அவளிடம் நன்றி சொல்லித் தலையசைத்துவிட்டுக் குறிப்பேட்டில் என்னவோ எழுதினார். பிறகு தலைமையாசிரியர் அறையில் காபி குடித்துக்கொண்டே, பரீட்சையும் இதே மாதிரி ஒரு பிழை இல்லாமல் அமைந்தால் எங்கள் பள்ளியை முன்மாதிரியாகக் காட்டிப் பரிந்துரை எழுதுவதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவருடைய ஆங்கிலம் தட்டித் தடுமாறி வந்தது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"பெரியவ பாத்திரம் கழுவறப்ப இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கா. சின்னவளுக்கு அஞ்சு வயசு. கேட்டுப் பிடிச்சுக்கிட்டா. சாப்பிடறப்ப கரண்டியால தட்டித் தட்டிப் பாடறா சார். நாலாவது பேர் வந்ததும் என் மனைவி எழுந்து போயிட்டா. அன்னையிலேருந்து எங்களோட உக்காந்து சாப்பிடறதில்ல."

நாற்காலியை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் நின்றபடியே தொடர்ந்தார்.

"என் மனைவியோட அம்மா, ரெண்டு தம்பிங்க, மூணு பேரையும் அங்கதான் கொண்டுபோனாங்க. முப்பது வருஷமா எங்க வீட்டுல அந்தப் பேரை யாரும் சொன்னதில்ல. இப்ப சின்னவ குளிக்கறப்ப பாடறா, ஷூ மாட்டறப்ப பாடறா. அடிச்சுப் பார்த்தேன். அழுதுக்கிட்டே பாடறா."

"அதற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டேன்.

"பாடத்தை நிறுத்தச் சொல்லல சார். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லணும்னு அரசாங்கத்துக்குப் போன மனுவுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒண்ணே ஒண்ணுதான். பரீட்சையில அந்த ஒரு வரியை அவ விட்டுடட்டும். அம்மா பார்க்கற தாள்ல அந்தப் பேரை எழுதமாட்டேங்கறா. நீங்க மறுபடி நிக்கவைக்காம இருந்தா போதும்."

"அரை மதிப்பெண் போகும்."

"போகட்டும் சார்."

அந்த இடத்தில் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும் என்றேன். அதோடு நிறுத்தாமல், உங்கள் மனைவிக்காக வரலாற்றை மாற்ற முடியாது என்றும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். நன்றி என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

வீட்டில் இதை மனைவியிடம் நடந்தபடியே சொன்னேன், என் பக்கம் நியாயம் என்ற நினைப்பில்.

"அந்தம்மா சாப்பிடாம கெடக்கறாங்க. நீங்க அரை மார்க்கைப் பத்திப் பேசிட்டு வந்திருக்கீங்க."

"பரீட்சைன்னா பரீட்சைதான்."

"உங்க அப்பா செத்த ஆஸ்பத்திரி பேரை ராகம் போட்டுப் பாடச் சொன்னா பாடுவீங்களா?"

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். ஸ்கூலைப் பத்தி உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். அவள் குழம்புப் பாத்திரத்தை என் முன்னால் வைத்துவிட்டு, நீங்களே போட்டுக்கோங்க என்று உள்ளே போய்விட்டாள்.

பரீட்சை நடந்தது. முப்பது தாள். அந்தக் கேள்விக்கு இருபத்தொன்பது பேர் ஆறு பெயரையும் எழுதியிருந்தார்கள். அவள் ஒன்று, இரண்டு, மூன்று எழுதி, நான்கு என்று எண்ணை மட்டும் போட்டு, வரியை வெறுமையாக விட்டிருந்தாள். பிறகு ஐந்து, ஆறு. மற்ற பதில்கள் எல்லாம் சரி.

ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. நீல நிறப் பேனாவை எடுத்தேன். அவள் எழுத்து எப்படிச் சாய்கிறது என்று சற்று நேரம் பார்த்தேன். பிறகு அந்த வெறும் வரியில் நான்காவது ஊரின் பெயரை நானே எழுதினேன். எழுதி, பக்கத்தில் சரி என்று குறியும் போட்டேன். இத்தனை ஆயிரம் பிள்ளைகள் நாளைக்கு இதைப் படிக்கப்போகிறார்கள், ஒரு வரியில் என்ன வந்துவிடப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் வகுப்பில் ஒரு பிழைகூட இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நான் செய்தது கயமை. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

மே மாதத்தில் தாள்கள் முத்திரை குத்தித் திரும்பி வந்தன. கூடவே கடிதம். அடுத்த ஆண்டு முதல் எல்லாப் பள்ளிகளுக்கும் இந்தப் பாடத்துக்கு அரசின் ஆதரவு உண்டு. தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வகுப்புக்குப் போய்த் தாள்களைக் கொடுத்தேன். வழக்கம்போல, வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன்.

அவள் தன் தாளைப் பார்த்தாள். எழுந்து என் மேசைக்கு வந்தாள்.

"சார், இது நான் எழுதினது இல்ல."

"முழு மதிப்பெண் வாங்கியிருக்க. போய் உக்காரு."

"எங்க வீட்டுல அம்மாதான் கையெழுத்துப் போடுவாங்க. இந்த ஒரு தடவை காட்டாம இருக்கட்டுமா சார்?"

வகுப்பு முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவளுக்கு விட்டால், ஏன் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் அந்த வரி வெளியே வரும். எனக்குப் பயம்.

"எல்லாரும்தான் வாங்கணும்" என்றேன்.

மறுநாள் காலை தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அடியில் அவளுடைய அம்மாவின் கையெழுத்து இருந்தது.