வேனுக்குக் காத்திருந்த முகூர்த்தப் புடவை

போன வைகாசி கருட சேவையன்று காலை, காஞ்சிபுரம் காந்தி ரோட்டிலுள்ள எங்கள் பட்டுக் கடையில் மேனேஜர், வேன் டிரைவர், சேல்ஸ் அக்கா, நான் நால்வரும் இருந்தோம். முதலாளி இல்லை. செல்போனை ஒப்படைத்துவிட்டுத் திருப்பதியில் தரிசன வரிசையில் நின்றிருந்தார்.

மேசைமேல் ஒரு முகூர்த்தப் புடவை. முந்தானைக்குக் குஞ்சம் கட்டி அப்போதுதான் வந்திருந்தது. பிள்ளையார்பாளையம் மண்டபத்தில் எட்டரைக்குள் மணப்பெண் அதைக் கட்டியாக வேண்டும். வாசலிலோ சாமி பார்க்க வந்த கூட்டம். வண்டிகளையெல்லாம் போலீஸ் நிறுத்திவிட்டது.

"பெருமாள் தாண்டுற வரைக்கும் சைக்கிள்கூட நுழையாது சார். வேன் எப்படிப் போவும்?" என்றார் டிரைவர்.

"நீ வண்டிய ஓட்டுபா. கடைய நான் ஓட்டிக்கிறேன்" என்றார் மேனேஜர்.

பின்வாசல் வழியே சந்துகளில் நடந்தே கொண்டுபோகிறேன் என்றேன். விலையுயர்ந்த சரக்கு வேனில் போனால்தான் இன்சூரன்ஸ் உண்டு என்றார் மேனேஜர். சரி, அது நியாயம். பெண்ணின் மாமாவுக்குப் போன் போட்டேன். "நானே நடந்து வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கினு போறேன்பா" என்றார். கடையிலேயே ஒப்படைத்துவிட்டால் இன்சூரன்ஸ் பேச்சுக்கே இடமில்லையே!

"ஹோம் டெலிவரின்னு பில் போட்டாச்சு. மாத்தணும்னா முதலாளி சொல்லணும்" என்றார் மேனேஜர்.

"பொண்ணு இன்னா சார், பில்லைக் கட்டிக்கினு மணையில உட்காருமா?" அக்கா கேட்டேவிட்டார்.

இந்த மனிதர்தான் சென்னையில் தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போய்வந்து, 'மாற்றி யோசி' என்று அச்சடித்து நாற்காலிக்குப் பின்னால் ஒட்டியவர்! எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவர்களிடம் காரணம் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பியிருந்தேன். அவரோ புடவையைப் பெட்டியில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மாமா வேர்க்க விறுவிறுக்க வந்தார். கெஞ்சினார், கத்தினார், வெறுங்கையோடு திரும்பினார்.

வேன் நகர்ந்தபோது மணி பத்தரை. நானும் டிரைவரும் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. மணப்பெண் தன் அக்காவின் பழைய கல்யாணப் புடவையில், அழுது வீங்கிய கண்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே இது எதுக்குபா?" என்றார் அவள் அம்மா. பெட்டியைத் தொடவேயில்லை.

அன்று மாலையே மேனேஜர், தாமதத்துக்கு விளக்கம் எழுதித் தரும்படி டிரைவரைக் கேட்டார்!

நாளைக்கு எனக்குக் கீழும் நாலு பேர் வேலை செய்வார்கள். ஒரு விதியைக் காட்டி அவர்கள் வாயை அடைக்கும்முன், அது யாருக்காகப் போட்டது என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஆனாலும் இன்றுவரை மனம் ஆறவில்லை: மேனேஜர் 'எடுத்துக்கினு போங்க' என்று ஒரு வார்த்தை சொல்லாததற்கு, அந்தப் புடவையும் அதே வீட்டார் அடுத்த கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்து ரத்து செய்த புடவைகளுமாகக் கடை கொடுத்த விலை, மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.