ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடத்தைத் திறந்துகொண்டிருந்தபோது, கங்காணி ராயப்பன், தோட்டத்து ஆட்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து நேரே வந்து நின்றார். "சார், ஆள் கூப்பிடுறப்ப மாரியாயின்னு ரெண்டு தரம் கூப்பிட்டாங்க. பதில் இல்ல. லயத்து வீட்டுல போய்ப் பார்த்தா, படுத்தபடியே போயிட்டாங்க." திறந்த கதவைப் பூட்டிவிட்டு அவரோடு நடந்தேன்.

டிக்கோயாப் பக்கத்து நம் சிறு சபையில் அவர் மரியாள் அக்கா. தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனபின் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை மிஷன் ஊழியத்துக்கென்று ஒதுக்கும் வழக்கத்தை நம் வீடுகளில் விடாமல் நடத்தியவரும் அவரே. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தூரதேசத்து ஊழியர்களின் பெயர்களை ஒரு தாளைப் பார்த்து, பெரட்டில் கூப்பிடுவதுபோலவே கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் நாம் "இருக்காங்க" என்று சொல்லி, அந்த ஊழியருக்காக ஜெபிக்க வேண்டும். முதல் தடவை நான் சிரித்துவிட்டேன். "சிரிங்க சார். பதிலச் சொல்லிட்டுச் சிரிங்க," என்றார்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு மிஷனரித் தம்பதியர், தாயில்லாப் பிள்ளைகளுக்குத் தாங்கள் நடத்தும் இல்லத்துக்கு அக்காவை அழைத்தார்கள். அன்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். போவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். அதற்குப் பிரஜாவுரிமை வேண்டும். நாமோ அது பறிக்கப்பட்டு, எந்த நாட்டுக்கும் ஆகாதவர்கள்.

பிரஜாவுரிமை கேட்கும் மனுவை எழுதியவன் நான். முத்து முத்தான கையெழுத்தில் "மரியாள்" என்று எழுதினேன். தோட்டத்துப் பேரேட்டில் மாரியாயி என்றிருப்பது எனக்குத் தெரியும். ஆனால் பெரட்டில் யார் பெயர்தான் ஒழுங்காக வந்தது? பிலோமினாளைப் புல்லம்மா என்று கூப்பிடுகிற வாய்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். பிறப்புப் பதிவிலும் அவர் மாரியாயிதான். ஞானஸ்நானத்தில்தான் மரியாள் ஆனவர். அரசாங்கக் கந்தோரில் மனுவையும் பிறப்புப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவர்கள் இரண்டு பெண்களா என்று சிங்களத்தில் கேட்டார்கள். நான் என்னென்னவோ சொன்னேன். மனு தள்ளுபடியானது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "எந்தப் பக்கம் பார்த்தாலும் மலைதான், இல்ல சார்?" மன்னிப்புக் கேட்காமலே பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

எனக்கு வந்த கோபத்தில் என் வீட்டுப் பிடியரிசியை நிறுத்தினேன். மூன்றாம் வாரம் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நம்மள வெளியே விடாத உலகத்துக்கு நாம ஏன் அரிசி குடுக்கணும்?" என்று கத்தினேன்.

"எனக்குத்தான் கதவ அடைச்சாங்க, சார். அரிசிக்கு அடைக்கலியே. அங்க உள்ள புள்ளைங்க என்ன செஞ்சிச்சு?"

ஒரு பிடி அளந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் துக்கப்படவில்லை என்று யாரும் எழுத வேண்டாம். ஒருநாள் மடுவத்தில் ஒரு பிள்ளையைத் தொட்டிலாட்டியபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். பார்த்தும் பார்க்காதவன்போல வந்துவிட்டேன். அதற்குப்பின் அவர் பக்கத்துப் பட்டணமான ஹட்டனைத் தாண்டிப் போனதில்லை. வாரந்தோறும் தாம் போகமுடியாத ஊர்களின் பெயரைச் சொல்லி, போனவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மடிப்பில் கிழிந்த அந்தப் பெயர்த் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று ஆராதனைக்குப்பின் நான்தான் பெயர்களைக் கூப்பிட்டேன். கடைசியில் அக்கா பெயரைச் சேர்த்திருந்தேன். மரியாள் என்று தொடங்கப்போய் நிறுத்தினேன். பிறகு எழுதியிருந்தபடியே படித்தேன்: "மாரியாயி என்கிற மரியாள்."

அந்த மனுவில் நான் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

"இருக்காங்க," என்றீர்கள் எல்லோரும்.