நசீமாக்கா உறையவைத்த கடைசிக் குழாய்

சின்னசேலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றிருந்தபோது ஜமால் அண்ணனிடமிருந்து போன் வந்தது. "நசீமா பூட்டாம்மா" என்றார். நசீமாக்கா இறந்துபோனதை அப்படித்தான் சொன்னார். ரயில் போனது, கேட் திறந்தது, பஸ் கிளம்பியது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பிடிவாதக்காரி, கடைசிவரை தன் பேச்சிலேயே நின்றுவிட்டாரே என்ற கோபம். அழுகை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகுதான் வந்தது.

நசீமாக்காவோடு எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜமால் அண்ணனின் தங்கையாக மட்டும் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்வராயன் மலை மக்கள் கடுக்காய்த் தண்ணீரில் புண்ணைக் கழுவுகிறார்கள். அது உண்மையிலேயே புண்ணை ஆற்றுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. கண்ணாடித் தட்டில் மனிதத் தோல் செல்களை வளர்த்து, நடுவே ஒரு கோடு கீறுவோம். இரண்டு பக்கச் செல்களும் நகர்ந்து வந்து அந்தக் கீறலை மூடுகின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். கடுக்காயோடு ஒப்பிட, நிச்சயம் மூடவைக்கும் பொருள் ஒன்று வேண்டும். அதற்காக ஒரு புரதத்தை வாங்கினோம். மனித உடம்பில் இருக்கும் புரதம்தான். ஆனால் மனிதரிடமிருந்து எடுத்ததல்ல. அதற்கான மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக்கொண்டு செய்விப்பது.

முதல் புட்டி வந்த நாள் எனக்கு மறக்காது. சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்த ஐஸ் பெட்டியை உளுந்தூர்பேட்டையில், லாரிச் சத்தத்துக்கு நடுவே கைமாற்றி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். ஆய்வகத்தில் விரல்நுனி அளவுப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. "ஏமாத்திட்டாங்க அக்கா, காலிப் புட்டி" என்று கத்திக்கொண்டே மூடியைத் திருகப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா? இவ்ளோ படிச்சிட்டு இன்னா பேச்சு இது? காஞ்ச தூளு, மூடியில ஒட்டிக்கினு இருக்கும். மொதல்ல சுத்தவிட்டு அடியில எறக்கு. அப்பறம் தொற."

சுழற்றும் இயந்திரத்தில் வைத்து எடுத்த பிறகும் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சுத்தமான நீரைப் புட்டியின் சுவரோரமாக விட்டு, குலுக்காமல் மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கரைத்தார். குலுக்கினால் நுரை வரும், நுரையில் புரதம் கெட்டுவிடும். பிறகு ஒரு தடவைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவாகச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவைத்தார். உருக்கியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. ஒவ்வொரு மூடியிலும் பச்சை மையில் ஒரு 'ந'.

ஃப்ரீசரைத் திறக்க அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். திறப்பவர் எதை எடுக்கப் போகிறோம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். அறையில் இருக்கும் மற்றவர் "எந்த அடுக்கு?" என்று கேட்க வேண்டும். அதற்கும் பதில் சொன்ன பிறகுதான் கதவில் கை வைக்கலாம். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தேடினால் உள்ளே இருப்பதெல்லாம் சூடேறும் என்பார். வெளியாட்கள் பார்த்தால் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

எங்களுக்குக் கடுக்காய் கொண்டுவந்து தந்தவர் வெள்ளிமலைப் பக்கத்துச் சின்னப்பொண்ணு என்கிற பெண். ஒருமுறை காலில் ஆறாத புண்ணோடு, நொண்டிக்கொண்டே மூட்டையைத் தூக்கி வந்தார். உட்காரவைத்து, அவருடைய கடுக்காய் என்ன செய்கிறது என்று அக்கா மைக்ராஸ்கோப்பில் காட்டினார். பக்கத்துத் தட்டையும் காட்டினார். அதில் புரதம் போட்டிருந்தோம். கீறல் முழுக்க மூடியிருந்தது. சின்னப்பொண்ணு நிமிர்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத எனக்கும் ஒரு சொட்டு ஊத்தும்மா."

"இது தட்டுல இருக்கற செல்லுக்கு வந்ததும்மா. ஆளுக்குப் போட்டுப் பாத்தது இல்ல. ஒடம்புல பட்டா இன்னா பண்ணும்னு எனக்கே தெரியாது. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அன்றே கூட்டிப்போனார். ஆனால் புண் எலும்புவரை போயிருந்தது. உயிர் தங்கியது, கால் போனது. அவரைப் பார்க்க நாங்கள் மலைக்குப் போனபோது சின்னப்பொண்ணு சண்டை போடவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீ மனசு வெச்சிருந்தா என் காலு இருந்திருக்கும்மா" என்று மட்டும் சொன்னார்.  இறங்கும் பஸ்ஸில் அக்கா, "அந்தம்மா சொல்றது தப்புன்னு எனக்குத் தெரியும் சுமதி. ஆனா காத வுட்டுப் போவ மாட்டேங்குது" என்றார்.

அதன்பின் அக்காவுக்கே அப்படியொரு புண் வந்தது. ஏற்கெனவே சர்க்கரை. புதுச் செருப்பு கடித்த இடம் புண்ணாகி, புண் ஆறவில்லை. டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள், அவரும் சொன்னபடி கேட்டார். ஆனாலும் கால் கறுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் ஜமால் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். ஃப்ரீசருக்கு முன்னால் நின்றுகொண்டு, "நீயே செஞ்சி வெச்சிக்கினு நீயே சாவப்போறியா நசீமா? குடு, நான் போட்டு வுடறேன்" என்று கதறினார்.

நானும் அவர் கட்சிதான். ஒளிக்க என்ன இருக்கிறது? "ஒரு தடவ போட்டுப் பாக்கலாமே அக்கா, யாருக்குத் தெரியப்போவுது" என்று கெஞ்சினேன்.

அக்கா வலிக்கிற காலை ஸ்டூலில் நீட்டியபடி எங்கள் இருவரையும் பார்த்தார். "தட்டுல கிருமி இல்ல, சர்க்கரை வியாதி இல்ல, அதனால மூடுது. என் காலு தட்டு இல்லண்ணே" என்றார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "சின்னப்பொண்ணுக்கு இல்லன்னு சொன்னத நான் போட்டுக்கினா, அந்தம்மா சொன்னது நெசமாயிடும்."

ஜமால் அண்ணன் வெளியே போனார். காலை எடுப்பதற்குள் நஞ்சு ரத்தத்தில் ஏறி நசீமாக்கா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பியபோது புரதம் ஒரே ஒரு குழாய் மிஞ்சியிருந்தது. மூடியில் பச்சை 'ந'. அவர் திட்டமிட்டிருந்த கடைசிச் சோதனைக்கு அது போதும். உருக்கினால் அவர் கைபட்டது தீர்ந்துவிடும், உருக்காவிட்டால் அவர் வேலை பாதியில் நிற்கும். தினமும் ஃப்ரீசர் முன்னால் போய் நின்று திரும்பி வந்தேன். அந்த அறையில் ஃப்ரீசரின் உறுமலுக்குள் அவர் இருமுவது கேட்கும். திரும்பிப் பார்ப்பேன், ஸ்டூல் மட்டும் இருக்கும்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த பிறகு ஜமால் அண்ணன் வந்தார். "அது இன்னாதான் பண்ணும்னு எனக்கு ஒரு தடவ காட்டும்மா" என்றார். அவருக்காகத்தான் அந்தக் குழாயை எடுத்தேன். அக்கா செய்வதுபோலவே குலுக்காமல் உருக்கி, அவர் திட்டமிட்டிருந்த சோதனைப்படியே கீறிய செல்களுக்கு இட்டேன். மறுநாள் வரச் சொன்னேன்.

வந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"கீறல் எங்கம்மா?"

"மூடிக்கிச்சிண்ணே."

"இங்க மூடிக்கிச்சே" என்றார். மறுபடியும், "இங்க மூடிக்கிச்சே" என்றார். பிறகு அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.  அக்கா செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, எனக்கு அவர் வேண்டும்.

அவர் சோதனை முடிந்துவிட்டது. புரதம் தீர்ந்தது. எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த வழக்கம்தான். ஃப்ரீசரைத் திறக்குமுன் எதை எடுக்கப் போகிறேன் என்று இன்றும் உரக்கச் சொல்கிறேன், அறையில் யாரும் இல்லாவிட்டாலும். சொல்லிவிட்டு, "எந்த அடுக்கு?" என்று கேட்கும்வரை கதவில் கை வைக்காமல் நிற்கிறேன். கதவு மூடித்தானே இருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றாலும் உள்ளே எதுவும் கெட்டுப்போகாது.