நாத்தனார் விளக்கு

“...அப்ப எல்லாரையும் விட வெளிச்சத்துல நின்னவ அவதானண்ணே? கையில விளக்கப் பிடிச்சிக்கிட்டு நின்னவ எப்பிடிண்ணே இருட்டுல போவா?”

ஆல்பத்தில் கறுப்பாகக் கிடந்த இடத்தைக் காட்டி ஈஸ்வரன் இதைக் கேட்டபோது சத்தம் போடவில்லை. காமயகவுண்டன்பட்டியிலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் கம்பத்துக்கு வந்து, நான் என் போட்டோ ஸ்டுடியோவின் ஷட்டரைத் தூக்கும் வரை வாசலில் நின்றிருந்தார். கக்கத்தில் மைத்துனனின் கல்யாண ஆல்பம். அவர் மனைவி செல்வி இறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போன ஜீப் மலை வளைவில் கவிழ்ந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும்.

“ஆதார்ல இருக்கிறதப் பெருசாக்கினா கட்டங்கட்டமா வருதுண்ணே. போன்ல இருக்கிற படமெல்லாம் அவ எடுத்தது. ஒண்ணுலயும் அவ இல்ல. இந்தக் கல்யாணத்தன்னைக்குத்தான் பட்டுச்சேலை கட்டி நின்னா.”

அந்தக் கல்யாணம் நான் எடுத்தது.

பதினெட்டு வருடம் கேமராவின் தலையில் பிளாஷை மாட்டி நேராக அடித்தே பிழைத்தவன் நான். அப்படி அடித்தால் முகம் அப்பளம் மாதிரி தட்டையாக வெளுக்கும். பின்சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்ளும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, நாலைந்து கல்யாணங்களைக் கெடுத்துத்தான் வயர்லெஸ் பிளாஷுக்கு வந்தேன். கேமரா மேல் சின்ன டிரிக்கர். பிளாஷ் தனியாகப் பக்கவாட்டில், ஸ்டாண்டில். அதன்மேல் குடை மாதிரி விரியும் சாஃப்ட்பாக்ஸ்; வெளிச்சம் சிதறாமல் இருக்க அதன் வாயில் கட்டத்துணி. ஷட்டரை இருநூறில் வைத்து ஐஎஸ்ஓவை இறக்கிவிட்டால் டியூப்லைட், கலர்த்துணி, பின்னால் நிற்கும் கூட்டம் எல்லாம் இருட்டில் அமுங்கிவிடும். பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் செதுக்கி வைத்ததுபோல் தெரிவார்கள். “சினிமா மாதிரி இருக்குண்ணே” என்று ஜனங்கள் சொல்லச் சொல்ல, அந்த இருட்டைத்தான் நான் விற்றுக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பொண்ணுக்குப் பின்னால் விளக்குப் பிடித்து நிற்பது வழக்கம். செல்விதான் அந்த அக்கா. சாஃப்ட்பாக்ஸைப் பார்த்ததும், “என்னண்ணே, மண்டபத்துக்குள்ள மழையா பெய்யுது, கொடைய விரிச்சு வச்சிருக்கீக?” என்றார். மேடையே சிரித்தது.

அவர் கையிலிருந்த விளக்கின் மஞ்சள், பொண்ணின் கன்னத்தில் விழுந்தது. என் வெள்ளை வெளிச்சத்தோடு அது சேரவில்லை.

“விளக்கோட ரெண்டடி பின்னால போங்கம்மா. பொண்ணு முகத்துல மஞ்சளடிக்குது.”

“விளக்கு மஞ்சளாத்தான் எரியும். பச்சையாவா எரியும்?” என்றபடி பின்னால் போனார்.

குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டேன். “அக்கா பந்தியில நிக்கிறாக, வந்துருவாக” என்றார்கள். வரவில்லை. நானும் மறுபடி கூப்பிடவில்லை. அந்தப் படத்தில் ஈஸ்வரன், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நிற்கிறார். வீடியோ எடுக்க அவர்கள் சொல்லவே இல்லை.

சிஸ்டத்தில் தாலி கட்டும் படத்தைத் திறந்தேன். பொண்ணின் தோளுக்குப் பின்னால் ஆரஞ்சுப் புள்ளியாகச் சுடர். அதற்கு மேலே கறுப்பு. கார்டு நிறைந்துவிடும் என்று எல்லா விவரமும் தங்கும் ‘ரா’ ஃபைலில் எடுக்காமல், சுருக்கிய ஜேபெக்கில் எடுத்திருந்தேன். ‘ரா’ ஃபைல் இருந்திருந்தால் கொஞ்சமாவது மீட்டிருக்கலாம். நிழலைத் தூக்கத் தூக்கச் சாம்பல் புள்ளிகள்தான் வந்தன. மூக்குத்தி மினுங்கியது. கண்ணும் வாயும் இல்லை.

“கம்ப்யூட்டரே முகம் போட்டுத் தரும்னு சொல்றாகளேண்ணே?”

“தரும் தம்பி. யாரோ ஒருத்தி முகத்தப் போட்டுத் தரும்.”

“அப்ப வேணாம்.”

இப்போது எந்த மேடை ஏறினாலும் பின்வரிசைக்கென்று இன்னொரு பிளாஷைக் குறைந்த பவரில் வைக்கிறேன். விளக்கை நகர்த்தச் சொல்வதில்லை. என் பிளாஷில் ஜெல் எனும் மஞ்சள் கண்ணாடித்தாளை ஒட்டி, விளக்கின் நிறத்துக்கு நான் போகிறேன். விளக்குப் பிடிப்பவரை முகம் தெரியத் தனியாக ஒரு படம் எடுத்த பிறகுதான் தாலி. தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன்: பின்னணியை இருட்டாக்கும் முன், அங்கே நிற்பது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். செல்விக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அன்று ஈஸ்வரனிடம், “இவ்வளவுதான் தம்பி வரும். அவுகளப் பின்னால போகச் சொன்னது நான்தான்” என்றேன்.

அவர் திட்டவில்லை. மேஜைமேல் இருந்த ஆல்பத்தைத் தன் பக்கம் திருப்பி, அதே படத்தை விரித்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து டார்ச்சைப் போட்டு, செல்வி நின்ற இடத்தின் மேல் பிடித்தார். பளபளப்பான தாளில் டார்ச்தான் தெரிந்தது. கையைப் பக்கவாட்டில் கொண்டுபோய், கொஞ்சம் சாய்த்து, மறுபடி பிடித்தார்.