ஆணி அறைகிறவனின் முகம்

செய்தி வந்தபோது மகளின் பாடசாலை மண்டபத்தில் இருந்தேன். பிள்ளைகள் பிரெஞ்சில் பாடி நிறுத்தி, எல்லோரும் மூச்சுவிடாமல் இருந்த அந்த நொடியில்தான் என் சட்டைப்பையில் கைத்தொலைபேசி நாதஸ்வரம் வாசித்தது. புதுப் போன், நிறுத்தத் தெரியவில்லை. மண்டபமே திரும்பியது. மேடையில் நின்ற மகள், இந்த ஆளை முன்பின் கண்டதில்லை என்பதுபோல் கூரையைப் பார்த்தாள். வெட்கத்தில் அசடு வழியச் சிரித்தபடி, "பர்தோன், பர்தோன்" என்று பலருடைய கால்களை மிதித்து வெளியே வந்து காதில் வைத்தேன். அருளப்பு அண்ணையின் மனைவி திரேசம்மா அக்கா. "தம்பி, இவர் போயிட்டார். வேலையாலை வந்து கதிரையிலை இருந்தவர், எழும்பேல்லை" என்றார். அந்தச் சிரிப்பு என் முகத்தைவிட்டு இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அருளப்பு அண்ணை அதைக் கண்டிருந்தால், "அசையாதை, அப்பிடியே நில். கீறுவம்" என்றிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் என்னத்தைப் புதிதாகச் சொல்ல? பத்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். ஓவியம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய கராஜில் குந்தியிருந்து தேநீர் குடித்ததில் ஒட்டியதுதான். மன்னாரில் பிறந்தவர். பகலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குவார். மிச்ச நேரமெல்லாம் எங்கள் வில்லரே பகுதியில், பின்சந்தில் இருந்த தன் கராஜில் நின்று படம் கீறுவார். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்து ஓவியர்களின் படங்கள் அடங்கிய ஒரு தடித்த புத்தகம் அவரிடம் இருந்தது. அதைத் தட்டிக்காட்டிச் சொல்லுவார்: "உவங்கள் மாதாவைக் கீறுறதெண்டாலும் பக்கத்து வீட்டுப் பெட்டையை இருத்தி வைச்சுத்தான் கீறினவங்கள். காலிலை சேறெண்டால் சேற்றையும் கீறினவங்கள். அதுக்கு ஊரிட்டை ஏச்சும் வாங்கினவங்கள்."

ஏச்சு வாங்குவதில் அண்ணையும் குறைந்தவரல்ல. கிடங்கில் ஒருநாள் பெட்டி சரிந்து, கூட வேலை செய்த ஹெயிட்டிக்காரரின் பாதம் நசுங்கிப்போனது. அந்த மனிதரின் தலையை அம்புலன்ஸ் வரும்வரை மடியில் வைத்திருந்தவர் அண்ணை. பிறகு அந்தப் பாதத்தைக் கீறினார். கிழிந்த சப்பாத்து, அதற்குள் எலும்பு, சீமெந்தில் ஓடிய இரத்தம், ஒன்றும் விடவில்லை. கொண்டுபோய்க் கிடங்கின் சாப்பாட்டு அறைச் சுவரில் கொழுவினார். மேற்பார்வையாளர் அதைப் பிடுங்கிக் காலால் உடைத்தபோது அண்ணை அவருடைய கழுத்துப்பட்டியைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். நாலுபேர் சேர்ந்துதான் இழுத்துப் பிரித்தார்களாம். "சாப்பாடு இறங்காதாம். அவனுக்குக் கால் போயிட்டுது, இவைக்குச் சாப்பாடு இறங்காதாம்" என்று எனக்குச் சொன்னபோதும் கையைச் சுவரில் அறைந்தார். வலது கை. அதில் இரண்டு விரல்கள் மடங்காது. ஊரில் உடைத்த விரல்கள் என்பது மட்டும் தெரியும். இங்கே வந்து இடது கையால் கீறப் பழகியவர்.

பங்குக் கோயில் மண்டபத்துக்குப் பெரிய படமொன்று தொடங்கியபோது என்னைக் கூப்பிட்டார். "நிண்டு தாறியே? சம்மட்டி பிடிக்க ஓராள் வேணும்." நான் சைவக்காரன். யேசுவின் தகப்பன் சூசையப்பர் தச்சன் என்றளவில் தெரியும். சம்மட்டி என்றதும், சூசையப்பராக நிற்கத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குள் மணியடித்தது. மூன்று பிள்ளை பெற்றவன், முகத்தில் தகப்பன் களை இருக்கத்தான் செய்யும் என்று எண்ணி மனிசிக்கும் சொன்னேன். மனிசி தெருவுக்கே சொல்லிவிட்டாள். அண்ணை தன் கோயில் ஆட்களைக் கேட்டும் ஒருவரும் அந்த இடத்தில் நிற்கச் சம்மதிக்காததால்தான் என்னிடம் வந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

தடித்த மரக்குற்றியில் பெரிய ஆணி ஒன்றை நிறுத்தி, "அடி" என்றார். அடித்தேன். "கலண்டர் கொழுவவோ வந்தனீ? ஆணி சிரிக்குது." மறுபடி அடித்தேன். திடீரென்று தன் வலது கையை ஆணிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். "இப்ப அடி."

"அண்ணை, விசரே? எடுங்கோ கையை."

"மனிசிக்குப் பயந்தவன், மேஸ்திரிக்குப் பயந்தவன், ஒரு ஆணிக்கும் பயம். உன்ரை பிள்ளையள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது சரிதான்."

எனக்குக் கண் இருண்டது. அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். மரம் பிளந்து சிராய் பறந்தது. சம்மட்டி அவர் விரலை உரசிக்கொண்டு விழுந்தது. அவர் கையை எடுக்கவேயில்லை. இடது கை கீறிக்கொண்டிருந்தது, கண் என் முகத்தில். "காணும், நிப்பாட்டு தம்பி. வந்திட்டுது" என்றார். நான் மூச்சிரைத்தபடி, மகனுக்குத் தொட்டில் செய்கிற அவசரமாக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அவ்வளவுக்கு மூடன்.

திரை விலக்கிய நாளில் வேட்டி உடுத்துக் குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தேன். படத்தில் சிலுவை தரையில் கிடந்தது. அதில் யேசு விரித்த கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றன. மேலே, பல்லைக் கடித்து, கிட்டத்தட்டச் சிரித்தபடி, சம்மட்டியோடு நான். "உது எங்கடை செல்வமல்லோ!" என்று யாரோ சொன்னார்கள். ஒரு கிழவர் எழுந்து வந்து, "பாவி!" என்று குடையால் என் தோளில் இரண்டு போட்டார். மகள் அழத் தொடங்கினாள்.

வெளியே கார் தரிப்பிடத்தில் அண்ணையின் சட்டையைப் பிடித்துப் பனிக் குவியலில் தள்ளினேன். "என்ரை பிள்ளைக்கு முன்னாலை என்னை மிருகமாக்கிப்போட்டியள்!"

அவர் எழும்ப முயலவில்லை. பனியில் கிடந்தபடியே சொன்னார்: "என்ரை விரலை உடைச்சவன் மிருகம்மாதிரி வரேல்லையடா. காவலரணிலை துவக்கோடை காவல் நிண்டு, எனக்குத் தண்ணி தந்தவன். நல்ல பகிடிக்காரன். அவன்ரை பகிடிக்கு நான் சிரிச்சுக்கொண்டிருக்கேக்கைதான் துவக்குப் பிடியாலை குத்தினவன். பேயின்ரை முகத்தைக் கீறுறது லேசு. எனக்கு ஒரு நல்ல மனிசன்ரை முகம் வேண்டியிருந்தது. எனக்குத் தெரிஞ்ச நல்ல மனிசன் நீதான்."

கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். மறுபடி அவரோடு பேசச் சில மாதம் ஆனது. பேசாமல் விட முடியவில்லை.

அடக்கத்துக்கு முதல்நாள் திரேசம்மா அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். படத்தைக் கோயில் மண்டபத்தில் நிரந்தரமாகக் கொழுவப்போகிறார்களாம். ஆனால் என் மரியாதைக்காக அந்த முகத்துக்குத் தாடி வைத்து மறைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். கீறத் தெரிந்த ஒரு சென்னைப் பொடியனும் இருக்கிறானாம். "நீங்கள் ஓமெண்டால் ஓம், தம்பி. உங்கடை பிள்ளையள் இந்த ஊரிலை வாழவேணும். ஆனா இவர் தான் கீறினதுக்குள்ளை அந்த ஒரு முகம்தான் சரிவந்ததெண்டு சொல்லுறவர்."

மண்டபத்துக்குள் போய்ப் படத்தின் முன் நின்றேன். பார்வையை விலக்காமல் பார்க்க வேண்டும் என்பது அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிற பழக்கம். பார்த்தேன். திரும்பி வந்து, "இருக்கட்டும் அக்கா, தாடி எனக்கு எடுபடாது" என்றேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

அன்று கராஜில் கடைசி அடி விழுந்தபோது நான் குறிபார்த்துக்கொண்டிருந்தது ஆணியை அல்ல, அவருடைய கையை. அதை மட்டும் அக்காவுக்குச் சொல்லவில்லை.